அக்கா அடிக்காத ஆல்பம்

நினைத்தாலே வயிறு எரிகிறது. எங்கள் மெட்டல் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தது என் அக்கா என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது. பச்சைப் பொய்!

அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. பகல் முழுக்க ஈரப் போர்வைகளைச் சூடான உருளைகளுக்குள் விட்டு, மறுபக்கம் மடித்து எடுப்பாள். மாலையில் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் சுவர் அதிரும். பதினோரு வருஷமாக இதே பாடு. வேகமாக ஓடும் பாட்டு சட்டென்று கனத்து மெதுவாகும் இடத்தில், ஒரு மூச்சு தாமதித்துத்தான் அடிப்பாள். கூட்டம் எங்களைத் தேடி வந்ததே அதற்காகத்தான். கிடார் வாசிக்கும் நாங்கள் மூவரும் கையை நிறுத்திக் காத்திருப்போம். அவள் அடித்த பிறகுதான் எங்கள் கை கம்பியைத் தொடும்.

இரண்டு நாள் லீவு போட்டு ஸ்டூடியோவில் வாசித்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் ஒலிப்பதிவாளர் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார்.

“உங்க அக்கா இங்கெல்லாம் லேட்டு. தாளக் கோட்டுல உட்காரல. நான் இழுத்து நேராக்கிடுறேன். சத்தமும் மெலிசா இருக்கு, ரெடிமேடா ஒரு டிரம் சத்தம் வச்சிருக்கேன், அதைப் போட்டுடலாம். எல்லாரும் பண்றதுதான் தம்பி.”

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எங்கள் பாடகன், “பண்ணிடுங்க சார்” என்றான். நான்? ஆமாம் சாமி போட்டேன். கூடப் பிறந்த தம்பி! வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்த நேரான தாளத்தின் மேல்தான் என் பேஸ் கிடாரை வாசித்தேன். மூன்று வாரம் அக்கா இல்லாமல் அதையே கேட்டுப் பழகினோம். அக்காவிடம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அவளும் பதிவைப் போட்டுக் கேட்கவில்லை. “நான் அடிச்சதை நானே என்னடா கேக்குறது?” என்று சிரித்தாள்.

வெளியீட்டு நாள். மேடையில் முதல் பாட்டிலேயே அந்த இடம் வந்தது. அக்கா மூச்சை இழுத்தாள். நாங்கள் மூவரும் முந்திக்கொண்டு கம்பியை அடித்துவிட்டோம். பழகிப்போன கை! அவள் அடி தன்னந்தனியாகப் பின்னால் வந்தது.

“டிரம்ஸ்காரம்மா சொதப்பிட்டாங்கப்பா!” என்று முன்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

சொதப்பியது நாங்கள், பேச்சு வாங்கியது அவள். கடைசிப் பாட்டுவரை வாசித்து முடித்தாள். பிறகு மேடைக்குப் பின்னால் ஹெட்போனை மாட்டி, ஆல்பத்தில் அந்த இடத்தை மூன்று தடவை கேட்டாள்.

“இது யாருடா?”

“நீதான்க்கா. கொஞ்சம் சரி பண்ணி...”

“தப்புன்னா என்னைக் கூப்பிட்டு இன்னொரு தடவை அடிக்கச் சொல்றதுக்கென்ன? கை வலிக்குதுன்னு என்னைக்காவது சொன்னேனா?”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெளியே ஆல்பம் வாங்கியவர்கள் கையெழுத்துக்காக வரிசையில் நின்றார்கள். அக்கா போய் உட்கார்ந்தாள். மார்க்கரை எடுத்து, நீட்டிய ஒவ்வோர் அட்டையிலும் அச்சாகியிருந்த தன் பெயரைக் கறுப்புக் கோடு போட்டு அடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பாடகன் தடுக்கப் போனான். அவள் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டான்.

வரிசையின் முன்னால் புகுந்து என் பிரதியை நீட்டினேன். “அக்கா, மறுபடி பதிவு பண்ணலாம்க்கா. உன் அடியோடயே.”

அதிலும் அடித்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கையெழுத்துப் போட்டாச்சு தம்பி. நகரு, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க.”