மரத்துப்போன பாதி உதடு

செகந்திராபாத்தில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். கீழ்க் கடவாய்ப் பல் ஒன்று ஈறுக்குள் சாய்ந்து வளர்ந்து உயிரை வாங்கியது. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பல் மருத்துவர் சின்ன எக்ஸ்ரே ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அதைப் பிடுங்கினார். மரப்பு சாயங்காலத்துக்குள் போய்விடும் என்றார். போகவில்லை.

மாதங்கள் கடந்தன. கீழுதட்டின் வலது பாதியில் உணர்ச்சியே இல்லை. கடித்து ரத்தம் வந்தாலும் தெரியாது. எச்சில் வழிந்தால் மகள் தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவாள். ஒருநாள் வகுப்பில் நான் 'மேங்கோ' என்று சொல்ல, முன்வரிசைக் குழந்தை என்னைப் போலவே குழறிச் சொன்னது. கேலியில்லை, டீச்சர் சொன்னபடி சொன்னது. அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லாகப் பழகினேன்.

திரும்பப் போனபோது, "சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார் அந்த மருத்துவர். என் கணவர்தான் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்றார். அதற்கு இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டும். எங்களுக்குத் தெரிந்த தமிழ்க்காரப் பல் மருத்துவர் ஒருவரிடம் போனோம்.

"வேர் நரம்பை ஒட்டியே இருந்திருக்கும்மா. ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்கணும்."

"அதை எழுதிக் கொடுங்க சார்."

அவர் கை கழுவப் போய்விட்டார். குழாயை மூடாமலே சொன்னார்: "நானும் இதே ஊர்லதானேம்மா தொழில் பண்றேன்."

வேறு சிலரும் அப்படியே. கடைசியில் ஆணையமே அரசு மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டது. நரம்பு பாதிக்கப்பட்டது உண்மை, கவனமாகச் செய்தாலும் இப்படி நேரலாம் என்று எழுதியிருந்தார்கள்.

விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் என் வேலையைப் பற்றி மரியாதையாக விசாரித்தார். பழகியபடி நிதானமாக, ஒரு சொல்லும் குழறாமல் பதில் சொன்னேன். அவர் ஆணைய உறுப்பினர்களின் மேசைப் பக்கம் திரும்பி, "பேச்சில் ஒரு குறையும் இல்லையே" என்றார். பழகிப் பழகி வந்த பேச்சு இது என்று சொல்ல வாயெடுத்தேன். அதையும் தெளிவாகத்தான் சொன்னேன்.

பாதிப்பு உண்மை, அலட்சியம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது.

"மேல அப்பீல் போலாம்" என்றார் கணவர்.

"நக்கோ, வேண்டாம். இன்னொரு தடவை யார் முன்னாடியும் பேசிக் காட்ட என்னால ஆகாது."

அடுத்த கல்வியாண்டில் பள்ளி நூலகப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே யாரும் என்னைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.