வண்டிதான் இழுத்தது

"இந்த வண்டிய யாரு சார் ஓட்டுதா?"

போன புதன்கிழமை மெக்கானிக் செல்வராஜ் என்னிடம் கேட்ட கேள்வி இது. தாராபுரம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் காரை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு, முன்பக்க இடது சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைக்கூட வெளியே எடுக்காமல் கேட்டார்.

"என் சம்சாரந்தானுங்க. இப்பத்தான் பழகறாங்க. கொஞ்சம் சுமாராத்தான் ஓட்டுவாங்க... ஏனுங்க?"

"கை வலிக்குன்னு சொல்லலையா?"

சொன்னாள். மூன்று மாதமாகச் சொல்கிறாள். தினமும் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே சொல்கிறாள். 'வயசாகுதல்ல சாந்தா' என்று நானும் ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

செல்வராஜ் வெளியே வந்தார். "சக்கரத்தத் தாங்குத லோயர் ஆர்ம் வளைஞ்சிருக்கு சார். இந்தப் பக்கம் நல்லா அடி வாங்கின வண்டி. இடது பக்கமா இழுத்துக்கிட்டே போகும். இத நேரா ஓட்டணும்னா ஸ்டீயரிங்க வலது பக்கம் திருப்பிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். அவங்க சுமார் இல்ல சார். எங்கிட்ட டிரைவர் வேல கேட்டா நாளைக்கே சேத்துக்கிடுவேன்."

அது எனக்கு விழுந்த அடி. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் மானம் போகிற கதை, அதனால் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று தெரியும். எழுதுவது மிச்ச நேரத்து வேலை. பிழைப்பு, திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். அதாவது அடுத்தவர் தைத்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

கார் வேண்டும் என்று கேட்டது என் மனைவி சாந்தாமணி. அவளுடைய அப்பா கொமரலிங்கத்தில் தனியாக இருக்கிறார். முழங்காலில் ஆபரேஷன் ஆகி, இப்போதுதான் நடமாடுகிறார். இங்கிருந்து உடுமலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். போய்த் திரும்ப ஒரு நாள் முழுசாகப் போய்விடும்.

"உங்களக் கூப்பிட்டா ஷிப்மென்ட்டும்பீங்க. ஒரு சின்ன காரா வாங்கிக் குடுத்தீங்கன்னா நானே ஓட்டீட்டுப் போயிக்கறனுங்க" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். முதல் தடவையிலேயே பாஸ். மாஸ்டர் என்னிடமே சொன்னார், "மேடத்துக்கு நிதானம் ஜாஸ்திங்க" என்று. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபீஸ் கட்டியவர்களிடம் வேறென்ன சொல்வார்கள்?

பிறகு செகண்ட் ஹேண்ட் வண்டி தேடினோம். காலர் நிட்டிங் யூனிட் நடத்தும் யூசுப் பாய் எனக்குப் பழக்கம். அவரிடம் ஏழு வருஷம் ஓடிய சில்வர் கலர் சின்ன கார் ஒன்று விலைக்கு இருந்தது.

"மெக்கானிக் ஒருத்தரக் கூட்டீட்டு வந்து பாத்துக்குங்க" என்றார் பாய். சாந்தாமணியும் அதையேதான் சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கண்ணைத் தப்பி ஒரு பீஸ் கப்பல் ஏறியதில்லை. எனக்கு மெக்கானிக்கா?

காலை பத்து மணி வெயிலில்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். டியூப் லைட்டில் நிறம் ஏமாற்றும். பனியனில் குறை இருக்கும் இடத்தில் ஒட்டுவதற்கு எங்கள் செக்கிங் டிபார்ட்மென்டில் குட்டிக் குட்டி அம்புக்குறி ஸ்டிக்கர் உண்டு. ஒரு அட்டை கையோடு கொண்டுபோனேன். சிரிக்காதீர்கள்.

டிரைவர் சீட் கவரில் இரண்டு இடத்தில் தையல் விட்டிருந்தது — ஸ்டிக்கர். கூரைத் துணி ஒரு மூலையில் சுருங்கியிருந்தது — ஸ்டிக்கர். கால்மிதியில் ஆயில் கறை — ஸ்டிக்கர், கூடவே பாய்க்கு ஐந்து நிமிஷம் லெக்சர். பானெட்டைத் திறந்து பார்த்தேனா? பார்த்தேன். உள்ளே எல்லாம் கறுப்பாக இருந்தது. ஒரே ஷேடு. மூடிவிட்டேன்.

கடைசியில்தான் சிக்கியது பெரிய மீன். முன்பக்க இடது கதவும் அதை ஒட்டிய தகடும் மற்ற இடத்தைவிட ஒரு இம்மி வெளுப்பு. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது!

"இந்தக் கதவு ஒரு ஷேடு கம்மியா இருக்குதுங்களே பாய்?"

"ஆமாங்க. அது வந்துங்க... போன வருசம் அந்தப் பக்கம் ஒரு—"

"காரணமெல்லாம் வேண்டாமுங்க பாய். ஷேடு வேரியேஷன். டிஸ்கவுன்ட் என்ன போடறீங்க, அதச் சொல்லுங்க."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. கடைசியில் நான் கேட்டதைக் குறைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

எங்கள் தொழிலில் இது வழக்கம். சரக்கில் ஷேடு மாறியிருந்தால் ஏன் மாறியது என்று நேரம் போக்கமாட்டோம். எவ்வளவு குறைப்பாய் என்றுதான் பேச்சு. பேசி முடித்ததும் சரக்கு கப்பலேறிவிடும். டீ-ஷர்ட்டில் ஒரு கை வெளுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிற்று? போட்டுக்கொள்கிறவர் இடது பக்கமாகவா நடக்கப் போகிறார்? கார் டீ-ஷர்ட் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. ஒரு கதவின் நிறம் மாறியிருந்தால் அந்தக் கதவுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஓட்டிப் பார்க்கவில்லையா என்பீர்கள். பார்த்தேன் — திருப்பூருக்குள். கம்பெனி வேனும், டவுன் பஸ்ஸும், பின்னால் மூட்டை கட்டிய டூவீலருமாக இருக்கிற ரோட்டில் எந்த வண்டிதான் பத்தடி நேராகப் போகிறது?

வீட்டுக்கு வந்ததும் பராமரிப்பை ஆரம்பித்தேன். நல்ல துணியில் சீட் கவர் மாற்றினேன். வாராவாரம் ஷாம்பூ போட்டுக் கழுவினேன். முருகன் படம், வாசனை டப்பா, ஜன்னலுக்கு ஸ்கிரீன். பராமரிப்பு என்றால் துவைத்து அயர்ன் பண்ணுவது என்றே பழகிப்போன புத்தி.

முதல் நாள் அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்த சாந்தாமணி சொன்னாள், "ஏனுங்க, வண்டி இந்தப் பக்கமா இழுக்குதுங்க."

"வண்டி எங்க இழுக்குது? நீதான் திருப்பற. நேராப் பிடி."

மறுநாளும் சொன்னாள். மறுவாரமும் சொன்னாள். நான் விடாமல் "நேராப் பிடி சாந்தா, நேராப் பிடி" என்றேன். நான் ஓட்டும்போது இழுக்கவில்லையா? இழுத்தது. ரோடு சரிவு என்று நினைத்துக்கொண்டேன். நான் ஓட்டினால் ரோடு சரிவு, அவள் ஓட்டினால் அவள் சரியில்லை!

கம்பெனியிலும் இதே கதைதான். தையல் கோணலாக வந்தால் முதலில் கூப்பிடுவது டெய்லரைத்தான். மிஷினைப் பார்க்க மெக்கானிக் கடைசியில்தான் வருவார். எத்தனையோ தடவை கோளாறு மிஷினில்தான் இருந்திருக்கிறது. ஆனாலும் மிஷினைத் திட்டி என்ன ஆகப் போகிறது? அது தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே.

இதோடு விட்டேனா? போன மாதம் அவள் கார் ஓட்டுவதைப் பற்றி இதே பக்கத்தில் எழுதினேன் — 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நிறையப் பேர் சிரித்து மெசேஜ் அனுப்பினீர்கள். 'எங்க வீட்லயும் இதே கதைதான் சார்' என்று சில கணவன்மார்கள் கை குலுக்காத குறை. சாந்தாமணி அதைப் படித்தாள். வழக்கமாக 'நல்லா இருக்குதுங்க' என்பாள். அன்றைக்கு மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்த சமயத்தில் அவள் பிடி ஒரு விநாடி தளர்ந்திருக்க வேண்டும். கார் இடது பக்கம் இறங்கி, இளநீர் குவித்து வைத்திருந்த இடத்தில் முட்டி நின்றது. ஆளுக்கு ஒன்றுமில்லை. இளநீர்கள் மட்டும் திசைக்கொன்றாக உருண்டன.

இளநீர்க்காரர் தங்கமான மனுஷர். "பரவாலீங்கம்மணி, பயந்துக்காதீங்க. உருண்டதப் பொறுக்கிக்கலாமுங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த மனுஷர் முன்னாலேயே, "ஓட்டத் தெரியாதவங்க கைல குடுத்தா இப்படித்தானுங்க" என்றேன்.

சாந்தாமணி குனிந்து ஐந்தாறு இளநீரைப் பொறுக்கிக் கொடுத்தாள். சாவியை என் கையில் வைத்தாள். வீட்டுக்கு வந்துதான் பேசினாள். "வித்துப்போடுங்க. எனக்கு வராது. நான் பஸ்ஸுலயே போயிக்கறேன்."

விற்பதற்கு முன் வண்டியைக் கொஞ்சம் சரிபண்ணினால் நல்ல விலை வருமே என்றுதான் செல்வராஜின் ஷெட்டுக்கே போனேன். அவளுக்காகப் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, உண்மை தெரிந்துவிட்டது. யோக்கியன் என்றால் நேராக வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பான். நான் செல்வராஜிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன், "இது அவங்களுக்குத் தெரிய வேண்டாமுங்க."

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "நான் வண்டிய மட்டுந்தான் சார் ரிப்பேர் பாப்பேன்" என்றார்.

என் கணக்கு இதுதான். லோயர் ஆர்ம் மாற்றியாகிவிட்டது, அலைன்மென்ட் பார்த்தாகிவிட்டது. இனி வண்டி நேராகப் போகும். ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். சொல்லிக்கொடுத்த பெருமை எனக்கு. பழைய பத்திக்குப் பொருத்தமாக 'பொறுமை வென்றது' என்று இன்னொன்றும் எழுதிவிடலாம்!

ஞாயிறு காலை பேச்சை எடுத்தேன். "டயர் மாத்தியிருக்கறேன். விக்கறதுக்கு முன்னால ஒரு தடவ மாமாவப் பாத்துட்டு வந்தரலாம். நீயே ஓட்டு."

ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் சாவியை வாங்கினாள்.

பல்லடம் தாண்டி ரோடு விரிந்தது. வேகம் எடுத்தாள். கார்... வலது பக்கம் போனது. எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்தது. சட்டென்று திருப்பினாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி வலது பக்கம்.

எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று மாதமாக வலது பக்கம் இழுத்து இழுத்துப் பழகிய கை. இழுப்பதற்கு இப்போது ஒன்றுமில்லை என்பது அந்தக் கைக்குத் தெரியாது.

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். கண் நிறைந்திருந்தது. "இன்னைக்கு இந்தப் பக்கம் போகுதுங்க. எனக்கு நெஜமாலுமே ஆகாதுங்க. நீங்க எழுதுனது சரிதான்."

வாசகர்களே, அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. 'நேராப் பிடி' என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் போதும், அவள் அதற்கப்புறம் ஆயுசுக்கும் ஸ்டீயரிங்கைத் தொட்டிருக்கமாட்டாள். என் மானமும் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கதவின் நிறம், பாய் சொல்ல வந்தது, நான் அவர் வாயை அடைத்தது, வளைந்த லோயர் ஆர்ம், செல்வராஜ் அவளைப் பற்றிச் சொன்னது, நான் மறைக்கச் சொன்னது — எல்லாம்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். ரோட்டோரக் காற்றாலை அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப வண்டிதான் இழுத்துதுங்களா?"

"வண்டிதான்."

"எளநிக்காரர் முன்னாடி சொன்னது?"

"தப்பு. மன்னிச்சுக்க சாந்தா."

"பேப்பர்ல எழுதுனது?"

"அதுவுந்தான்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையை ஒரு தடவை உதறிவிட்டு ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தாள். ஒரு கிலோமீட்டர் கொஞ்சம் தடுமாறியது. அதற்கப்புறம், நூல் பிடித்த மாதிரி உடுமலை. அங்கிருந்து கொமரலிங்கம். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஒரு யோசனை சொல்லவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு போன மிக நீளமான பயணம் அது.

வாசலில் மாமனார் கைத்தடியோடு நின்றார். "வாங்க மாப்ளெ, நீங்களா ஓட்டீட்டு வந்தீங்க?"

"நானுங்கப்பா" என்றாள் சாந்தாமணி.

"ஏங்கண்ணு, அத்தன தூரமுமா?"

"அத்தன தூரமுந்தானுங்க."

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மகளையும் பார்த்தார். சாந்தாமணியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, இதைத்தான் நான் இத்தனை நாளாகப் பிடித்து வைத்திருந்தேன் என்று தோன்றியது.

வண்டியை விற்கவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் தனியாகவே கொமரலிங்கம் போய் வந்தாள். என்னைக் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு ஒரு போன், அவ்வளவுதான். எனக்கு மன்னிப்பு கிடைத்ததா? ஒரு நிபந்தனையோடு. "வெளையாட்டா எழுதுன அதே எடத்துல, எம்பேரப் போட்டு இதையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். கூடம் கோணல்தான். ஆடத் தெரிந்தவள்தான். போன மாதம் சிரித்தவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளவும்.

அனுப்புவதற்கு முன்னால் படிக்கக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"மூணு மாசம்னு போட்டிருக்கறீங்க. மூணு மாசமும் பதினோரு நாளுமுங்க."