ரங்கூன் மாடியில் ஒரு பார்லிமெண்ட்

இருபதைத் தாண்டிய வயதில், ரங்கூனில் இருந்துகொண்டே ஒரு வருஷம் நான் இங்கிலாந்தில் வாழ்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மட்டும்தான். இருந்தாலும் என் ஆயுசில் அதைப் போல இன்னொரு வருஷம் வாய்க்கவில்லை.

ரங்கூனின் பபேடான் பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் தமிழ்ச் சங்கம் இருந்தது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் அரிசி ஆலைகளிலும் பேனா பிடிக்கிற கிராணிகள்தான் அங்கத்தினர்கள். பர்மாவுக்குப் புதிதாகச் சட்டசபை வந்திருந்த சமயம் அது. எங்களுக்கும் பார்லிமெண்ட் ஆசை பிடித்துக்கொண்டது. போன நூற்றாண்டில் இங்கிலாந்தில் வோட்டுரிமையை விரிவாக்க ஒரு மசோதா வந்து, பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட, ஊரே கொதித்தெழுந்து, கடைசியில் அது நிறைவேறிய கதையைச் சரித்திரப் புத்தகத்தில் படித்திருந்தோம். அதையே வாரம் ஒரு கூட்டமாக நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

யார் எந்தக் கட்சி என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். பிரபுக்களுக்கு நாற்காலி, மக்கள் சபைக்குப் பாய். எனக்குப் பாய்தான் விழுந்தது. ராஜாவாக வந்தவர் தபாலாபீஸ்காரர். அவர் குறட்டை விடாமல் ஒருநாளாவது ராஜ்யம் ஆண்டு நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் தகரக் கூரைமேல் மழை அறைகிற சத்தத்தில் மந்திரியும் எதிர்க்கட்சியும் தொண்டை கிழியக் கத்துவார்கள். கீழேயிருந்து பர்மியக்காரி கொண்டுவந்து வைக்கும் மொகிங்காவைத் தின்றபடியே நாங்கள் ஒரு மந்திரிசபையைக் கவிழ்த்திருக்கிறோம். இப்போது நினைத்தாலும் அந்த மீன் குழம்பின் மணமும் மீசையெல்லாம் ஒட்டிய சேமியாவும் நினைவில் வந்து சிரிப்பு மூட்டுகின்றன.

என் அப்பா கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர். எழுத்து வாசனை கிடையாது. கையெழுத்துப் போடத் தெரிந்தவன்தான் அங்கத்தினன், அங்கத்தினன்தான் உள்ளே உட்காரலாம் என்பது சங்கத்தின் சட்டம். அதனால் நாங்கள் குடியிருந்த தாமுவேயிலிருந்து என்னோடு நடந்து வந்து, ஜெட்டிக் கூட்டாளிகள் நாலைந்து பேரோடு மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பார். திரும்பும்போது வழி நெடுகப் பிரபுக்களைத் திட்டித் தீர்ப்பார். ஒரு தரமாவது உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது எனக்குத் தெரியும். வாய்விட்டு அவர் கேட்டதில்லை.

மசோதா நிறைவேறிய ஞாயிறன்று எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. பிரதம மந்திரியாக இருந்தவர் எங்கள் சங்கத் தலைவர், ஓர் அரிசி ஆலையின் பெரிய கிராணி. உணர்ச்சி மிகுந்து, கண்ணில் நீர் தளும்ப, அவர் படிக்கட்டு வரை கேட்கும்படி முழங்கினார்.

"இன்னையோட கதவு திறந்தாச்சு. இனிமே ஏழை எளியவன் எல்லாருக்கும் உள்ள இடம் உண்டு."

நாங்கள் கை தட்டினோம். படிக்கட்டில் இருந்தவர்கள் எங்களைவிட அதிகமாகத் தட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு அப்பா எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார். நான் மாடியேறிப் பார்த்தால், முதல் வரிசைப் பாயில் அப்பாவும் கூட்டாளிகளும் சலவை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா தம் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே கிடையாது. போய் உட்கார்ந்தேன்.

தலைவர் வந்தார். நல்ல மனுஷர், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது லண்டனில் எப்போதோ நடந்த சங்கதி, சங்கத்தின் சட்டம் அப்படியேதான் இருக்கிறது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். கூட்டாளிகள் ஒவ்வொருவராக எழுந்து படிக்கட்டுக்குப் போனார்கள். அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, அந்த லண்டன் சட்டத்துல மூட்டை தூக்குறவனுக்கு வோட்டு குடுத்தாங்களா?"

எனக்கு விடை தெரியும். இன்ன வாடகைக்கு மேற்பட்ட வீட்டில் இருப்பவனுக்குத்தான் அந்தச் சட்டம் வோட்டுக் கொடுத்தது. ஊரைக் கூட்டிக் கத்திய கூலிக்காரன் கடைசியிலும் வெளியேதான் நின்றான். நாற்காலிகளும் பாய்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இல்லப்பா," என்றேன்.

அப்பா தலைவரைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப பெரிய கிராணி மேல தப்பு இல்ல. லண்டன்லயே இப்படித்தான் நடந்திருக்கு."

தலைவர் குனிந்த தலை நிமிரவில்லை. அப்பா முட்டியில் கை ஊன்றி எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தார். நானும் எழுந்து அவர் பின்னால் போனேன். அவர் வாசற்படியில் நின்று, என் தோளில் கை வைத்து, என்னை உள்பக்கமாகத் திருப்பிவிட்டார்.

"நீ எங்க வர்ற? போய் உக்காரு. நம்மள்ல ஒருத்தனாவது உள்ள இருக்கணும்ல."