ரப்பர் புழுவுக்குப் பொங்கல் வரை கெடு

புழு வியாபாரத்தில் வாங்குகிறவர் ஒருத்தர், தின்கிறவர் இன்னொருத்தர். ரெண்டு பேருக்கும் பிடித்தாக வேண்டும். ஊறுகாய், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி என்று வீட்டிலேயே எதையாவது செய்து விற்றுப் பார்த்தவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என்னுடையதில் கூடுதலாக ஒரு மீனும் உண்டு.

பத்தாவதில் கணக்குப் பாடத்தில் ரெண்டு தடவை கோட்டை விட்டேன். தீபாவளி முடிந்ததும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டுடோரியலில் சேர்க்க அப்பா பேசி வைத்தார். போகமாட்டேன் என்றேன். "அப்பறம் என்ன செய்வே?" என்றார். சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த பையில் தூண்டிலில் மாட்டுகிற ரப்பர் புழு ஒரு பாக்கெட் கிடந்தது. "இதைச் செஞ்சு விப்பேன்" என்றேன். அந்த நிமிஷம் வாய்க்கு வந்தது, அவ்வளவுதான்.

அப்பா பம்ப் கம்பெனியில் லேத்தில் இரும்பு கடைகிற டர்னர். பேச்சையும் அளந்துதான் வெட்டுவார். "பொங்கல் வரைக்கும் டைம். ஒருக்கா வாங்கின ஆளு, நல்லா இருக்குதுன்னு மறுக்கா தேடி வரோணும். ஒரே ஒரு ஆளு போதும். இல்லீன்னா டுடோரியல்."

முதல் ஈடு

எங்கள் வீதி அண்ணன் ஒருத்தர் லாரி ஏர் ஃபில்டர் செய்யும் பட்டறையில் இருக்கிறார். ஃபில்டரின் ஓரத்தில் ரப்பர் மாதிரி விளிம்பு இருக்குமே, அதற்கு ஊற்றுகிற பிளாஸ்டிக் பேஸ்டில் மிஞ்சியதை முதலாளியிடம் கேட்டு வாங்கித் தந்தார். பார்க்கப் பால் மாதிரி இருக்கும். சூடு பண்ணினால் தயிர் மாதிரி கட்டியாகும். இன்னும் காய்ச்சினால் உருக்கின நெய் மாதிரி தெளியும். தெளிந்ததும் அச்சில் ஊற்ற வேண்டும். அந்த நாற்றத்துக்கு அம்மா சமையல்கட்டுப் பக்கமே விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் பம்ப் ஸ்டவ்வை வைத்துக்கொண்டேன்.

அச்சுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து, மாமாவின் புழுவை அதில் பாதி அமுக்கி எடுத்தேன். ஒரு வாரம் காயவிடு என்றார் அண்ணன். ஒரு வாரம் யார் உட்கார்ந்திருப்பது? மறுநாளே ஊற்றிவிட்டேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகிப் புஸ்ஸென்று பொங்கியது. கையில் ரெண்டு கொப்புளம், அச்சில் ஓட்டை ஓட்டையாகச் சுருண்டு ஒன்று. சாயங்காலம் வந்த அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முறுக்கு நல்லாத்தான் வந்திருக்குது கண்ணு. புழு எங்க?"

பாய் கடை டப்பா

அச்சு காய்ந்தபின் புழு புழுவாகவே வந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள். உக்கடத்தில் தூண்டில் சாமான் விற்கும் பாய் ஒருத்தர், தெரிந்த வீட்டுப் பெண் என்று கடையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். சும்மா கொடுத்தால் நன்றாக இருக்காதே என்று, கண்ணாடி மாதிரி பளபளக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கிக் கொடுத்தேன். டப்பா அவர் கடையுடையதுதான், முள் போட்டு வைத்திருந்தது.

பத்து நாள் கழித்துப் போனால் பாய் டப்பாவை எடுத்து வைத்தார். அடிப்பக்கம் பிசுபிசுவென்று உருகி, புழு புழுவாகப் பள்ளம் விழுந்து, மூடி திறக்கவே வரவில்லை. புழுவை மெத்தென்று வைத்திருக்கிற எண்ணெய் கசிந்து அந்த மாதிரி பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து சாதா பாலிதீன் கவர்தான்.

"மீன் உன்ற புழுவத் தின்னுதோ இல்லியோ, உன்ற புழு என்ற டப்பாவத் தின்னுபோடுச்சும்மா."

வெள்ளிக்கிழமைப் பாட்டு

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டு டிவியில் பாட்டுப் போடுகிற நேரம். பேஸ்ட் தயிர்ப் பதத்தில்தான் இருந்தது. ஒரே ஒரு பாட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். நாலு பாட்டு ஆகிவிட்டது. திரும்பி வந்தால் பொடக்காளி முழுக்கப் புகை. சட்டியில் இருந்தது மஞ்சளும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் ஒரு காபிக் கலர். கொட்ட மனசில்லை, மிச்சம் இருந்த பேஸ்டே அவ்வளவுதான். ஊற்றினேன். அழுக்குப் பழுப்பில் பத்துப் பன்னிரண்டு புழு. அதற்குள் அம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"உனக்குக் கல்யாணமாயிப் போற ஊட்ல, அடுப்ப மட்டும் டிவிக்கு முன்னாடி வைக்கச் சொல்லோணும்."

திரும்பி வந்த முதல் ஆள்

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாசலில் ஒரு லாரி நின்றது. கோபியிலிருந்து வாழைத்தார் ஏற்றி வருகிற டிரைவர், பழனிச்சாமி என்று பேர். பாய் கடையில் பச்சைப் புழு வாங்கியவர், விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் குதிக்கத் தோன்றியது. அவர் பையிலிருந்து அதே கவரை எடுத்தார்.

"ஏனுங்க அம்மணி, ரெண்டு மணி நேரம் தக்கையவே பாத்துட்டு உக்காந்திருந்தனுங்க. ஒரு மீனும் சீண்டலீங்க."

"சும்மா உக்காந்திருந்தா எப்படீங்க? மண்புழு தானா நெளியும். இதை நீங்கதான் நெளிய வைக்கோணும்" என்று தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போய், நூலில் கட்டி வெட்டி வெட்டி இழுத்துக் காட்டினேன். வால் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்போதும் பச்சை வேண்டாமாம், எந்த ஊரில் பச்சை மண்புழு இருக்கிறது என்கிறார். நியாயம்தான். வீட்டில் வேறு எதுவும் இல்லை. "கருகினதுதான் இருக்குதுங்க. மீனுக்குப் பிடிக்குமான்னு எனக்குத் தெரியாது" என்றேன். "கருகினதத்தான் எங்க ஊட்லயும் போடறாங்க. நான் திங்கறனில்ல?" என்று இருந்த அத்தனையையும் மாற்றி வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு ஆள் மறுக்கா தேடி வந்தாச்சு என்று அப்பாவிடம் சொன்னேன். எதற்கு வந்தார் என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை.

"திருப்பிக் குடுக்க வந்த ஆளு கணக்குல வராது கண்ணு."

காப்புக் கட்டிய அன்று

பொங்கலுக்கு முதல் நாள். அப்பா ஸ்டூலில் ஏறி நின்று, வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சேர்த்து வாசல் நிலையில் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டுடோரியலுக்கு இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கூட வைத்தாயிற்று. அப்போது அதே லாரி.

"ஏனுங்க அம்மணி, அந்தக் கருகின புழு இருக்குதுங்களா? எனக்கொரு கவரு, மச்சானுக்கொரு கவரு."

அப்பா ஸ்டூலில் இருந்தபடியே, "மீனு எடுத்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"விராலுங்க. வாய்க்கால்ல, இவ்வளவு நீளம்" என்று முழங்கையைத் தொட்டுக் காட்டினார். "ஒண்ணுதானுங்க. ஆனா புழுவக் கவ்வுனது உடவே இல்லீங்க."

அப்பா இறங்கவில்லை. கட்டின முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். என்னைப் பார்க்காமலே கையை மட்டும் பொடக்காளிப் பக்கம் நீட்டினார். கருகினது ஒன்றுகூட மிச்சம் இல்லை, வீதி அண்ணன் முந்தாநாள் தந்த புதுப் பேஸ்ட்தான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

"சித்த நேரம் உக்காருங்க. பாப்பா இப்பவே கருக்கிக் குடுத்துரும்."

ஊரில் அடுப்பில் வைத்ததைக் கருக்கினால் எல்லாருக்கும் திட்டு விழுகிறது, எனக்கு மட்டும் அதுவே உத்தியோகமாகிவிட்டது.