ஃப்ரீசரில் வைத்த கேம் புஷ்

டீசலும் இட்லி மாவும் கலந்த ஒரு வாசம்... கல்யாணமான முதல் வருஷம் என்றாலே எனக்கு அதுதான் மூக்கில் வரும். மல்லிகைப் பூ எல்லாம் அப்புறம்தான்!

என் வீட்டுக்காரர் அப்போது போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஆபரேட்டர். ஒடிசா பக்கம் போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். ஒரு லீவில் எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைக்கு வந்தவர், ஓடாமல் கிடந்த பழைய டீசல் ஜீப்பின் இன்ஜினைப் பிரித்து ஷெட் முழுக்கப் பரப்பிவிட்டார்.

"லீவு முடியறதுக்குள்ள இதுல உன்னைய ஜேடர்பாளையம் கூட்டிட்டுப் போறேன் கவி."

முதலில் வேடிக்கைதான் பார்த்தேன். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஜினுக்குள் கேம் ஷாஃப்ட் என்று ஒரு நீளத் தண்டு. அது சுழலும் துளைகளில் வளையல் போல மெல்லிய பேரிங் இருக்கும், புஷ் என்பார்கள். அதில் ஒரு பொட்டு ஓட்டை. பிளாக்கில் ஆயில் வரும் ஓட்டையும் இதுவும் நேராக நிற்க வேண்டும். தவறினால் எண்ணெய் போகாது, இன்ஜின் இறுகிவிடும்.

குளிர்ந்தால் புஷ் கொஞ்சம் சுருங்கி லேசாக இறங்குமாம். ஃப்ரீசரில் வைத்தோம், மாவுச் சட்டிக்கு மேலே. அத்தை, அவர் அம்மா, திறந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மாவு வெக்கற எடத்துல இரும்ப வெச்சிருக்கறீங்க?" என்றார். ஆனாலும் எடுக்கவில்லை, பாவம்.

நான் டார்ச்சையும் புஷ்ஷைத் தள்ளும் இரும்புக் கட்டையையும் நேராகப் பிடிக்க, அவர் சுத்தியலால் தட்டினார். ஒவ்வொன்றாக இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் சைக்கிள் போக்ஸ் கம்பியை ஆயில் ஓட்டையில் விட்டுப் பார்த்தேன். கடைசி புஷ்ஷில் கம்பி முட்டியது.

"ஏனுங்க... பாதி ஓட்டைய மூடிருச்சுங்க."

அவர் குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"பாதியில போற ஆயில் போதும்புள்ள. இப்பப் புடுங்குனா நசுங்கிரும். வேற வாங்கச் சேலம் போவோணும். நாளான்னிக்கு நான் கெளம்போணும், நேரம் எங்க இருக்குது?"

"நீங்க போன பொறவு இத ஓட்டறது நான்தானுங்களே. நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா ஒடிசாவுக்கா போன் போடறது?"

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!"

"கத்துக்குவனுங்க."

அவர் சிரித்துக்கொண்டே அந்தப் புஷ்ஷைத் தட்டி வெளியே எடுத்தார்.

அன்றைக்கே பஸ் ஏறினேன். சேலத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய், "செட்டாத்தான்மா குடுப்போம். ஒண்ணே ஒண்ண எப்படி?" என்று தயங்கினார். "யாரு மாட்டுறது?"

"நானும் எங்க ஊட்டுக்காரருமுங்க."

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். புது செட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வழியெல்லாம் அதைக் கைக்குட்டையில் பொதிந்து மடியிலேயே வைத்திருந்தேன்.

இந்த முறை ஓட்டைக்கு நேராகப் புஷ்ஷிலும் பிளாக்கிலும் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டோம். தட்டினார். கம்பியை விட்டேன். சர்ரென்று உள்ளே போனது! நான் போட்ட கத்தலில் அத்தை அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார். எண்ணெய் தடவி, கீறாமல் மெதுவாகக் கேம் ஷாஃப்டை நுழைத்தோம். ஒரே விரலால் சுற்றினேன்... சுற்றியது!

மிச்சத்தையெல்லாம் பூட்டி, மறுநாள் சாயங்காலம் சாவி திருப்பினார். இரண்டு இருமல், வாசல் நிறையப் புகை.

"நிறுத்துங்க சாமி, ஊடே பத்திக்கும்!" என்று அத்தை அலற, மீட்டரில் ஆயில் பிரஷர் முள் மெல்ல ஏறியது. அவர் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், அத்தை எதிரிலேயே!

விடிந்ததும் பானட்டைக்கூட மாட்டாமல் கிளம்பினோம். ராசிபுரத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. ஜேடர்பாளையத்தில் மீன் வறுவல் தின்றோம், காவிரியில் கால் நனைத்தோம். திரும்பும்போது ஆளில்லாத ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, அவர் இறங்கி என் பக்கம் வந்தார். "நகரு... நீ ஓட்டு." ஃபர்ஸ்ட் கியரிலேயே உருட்டினேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் போனதில்லை.

அன்று ராத்திரி அவர் ஒடிசா வண்டி ஏறினார். அவர் அடுத்த லீவுக்கு வந்தபோது, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜீப்பில் அழைத்து வந்தது நான்.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். கார் இருக்கிறது. கொஞ்ச நாளாக அதில் ஒரு கடகட சத்தம், போன வாரம் சர்வீஸுக்கு விட்டோம். ஏசி ரூமில் சோபா, காபி. வண்டியைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். கதவுப் பக்கம் போனேன், "கஸ்டமருங்க உள்ள வரக்கூடாதுங்க மேடம்" என்றது அங்கே வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண்.

அவர் காதோரம் கேட்டார்: "அந்தக் கடகட சத்தம் இன்ஜின் டேப்பட்டுதானே கவி?"

"இல்லீங்க, பெல்ட்டு."

இரண்டு பேரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் வண்டி கழுவித் துடைத்து வந்தது, சத்தம் இல்லை. எதை மாற்றினார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் எங்கள் கைகள் சுத்தமாகவே இருந்தன... அதுதான் என்னமோ போல் இருந்தது.