கம்பியில் ஒரு தட்டு

எங்கள் ரொக் இசைக்குழு கலைந்தபோது அழுதவன் ட்ரம்மர் மட்டும்தான். பாடகன் ஏசி திருத்த டோஹாவுக்குப் போனான். கிட்டார்காரன் மாத்தளை டவுனில் வாப்பாவின் துணிக்கடையில் உட்கார்ந்துவிட்டான். துணி அளக்கும் கோலை இன்னும் கிட்டாரைப் போலத்தான் பிடிக்கிறான். பேஸ் கிட்டார் வாசித்த நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்கு வாத்தியார். ட்ரம்மர் பஸ் ஓட்டுகிறான். காலையில் நான் போகும் பஸ் அவன் ஓட்டுவதுதான்.

ஆரம்பத்தில் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அவனுக்கு நேர் பின்னாலிருக்கும் சீட்டில் வேறு யாரையும் உட்கார விடமாட்டான். வழி முழுக்கப் பழைய கதை. பேசுவது நான், சிரிப்பது அவன். எதைச் சொன்னாலும் சிரிப்பான். "அம்மாவுக்குக் காய்ச்சல் எப்படிடா?" என்று கேட்டதற்கும் சிரித்தான்.

இரத்தோட்டையைத் தாண்டினால் ரோட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். வளைவில் எதிரே வருவது தெரியாது. முதலில் ஹோர்ன் அடித்தவனுக்கு வழி, கேட்டவன் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒரு நாள் மேலேயிருந்து லொறி அடித்த ஹோர்ன் பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்டது. அவன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தான். நான் அவன் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் பதறிப்போய் ஓரம் கட்டினான். லொறி எங்களை உரசாத குறையாகக் கடந்தது.

"என்ன அண்ணே, தூக்கமா?" என்றார் கொண்டக்டர்.

"ராத்திரி அவருக்குத் தூக்கமில்லப்பா" என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான்.

கடைசி நிறுத்தத்தில் அவனைத் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய், என் வாயசைவு அவனுக்குத் தெரிகிற மாதிரி நின்று கேட்டேன்.

"எவ்வளவு காலமாடா?"

"உள்ளுக்குள்ள ஒரே இரைச்சல் மச்சான். வெளியில உள்ளதுதான் கேக்கல."

"டொக்டர்கிட்ட காட்டுனியா?"

"காட்டுனா எழுதிடுவாங்க. லைசன்ஸ் போனா நான் எங்க போறது? எனக்குத் தெரிஞ்சது ரெண்டே வேல. ஒண்ணு முடிஞ்சிபோச்சு."

ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஆனால் எங்கள் குழுவுக்கு ஒரு கெட்ட பழக்கம். மேடையில் ஒருவன் பிசகினால் மற்றவர்களும் உடனே அவனோடு சேர்ந்து பிசகுவோம். நாலு பேரும் சேர்ந்து செய்கிற பிழை கேட்பவர்களுக்குப் பிழையாகத் தெரியாது. அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். நான் கிட்டார்காரனிடம் போய்ச் சொன்னேன். துணியை மடித்துக்கொண்டே, "அவன உட்டுக் குடுக்க ஏலுமா?" என்றான். வழியையும் அவனே சொன்னான்.

ஹோர்ன் கேட்டால் ட்ரைவர் சீட்டின் கம்பியில் நான் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்த அதிர்வு முதுகில் பட்டதும் அவன் கால் பிரேக்குக்குப் போகும். காலையில் ஏறும் பஸ், பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் இறங்கும்; அதனால் இரண்டு நடைக்கும் நான் இருந்தேன். மலைக்கு வேலைக்குப் போகும் அக்காமார், தங்கள் உயிர் என் விரலில் தொங்குவது தெரியாமல் சாய்ந்து தூங்கினார்கள். விடுமுறை நாட்களிலும் போய் ஏறினேன். "ஒங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றாள் மனைவி.

போன வாரம் மழையும் இல்லை, பனியும் இல்லை, நல்ல வெயில். கொண்டக்டர் திடீரென்று கத்தினார். முன் கண்ணாடி முழுக்க ஒரு லொறி. அவன் பிரேக்கில் ஏறி நின்றான். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடமில்லை. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. லொறிக்காரன் இறங்கி வந்து, இத்தனை தடவை ஹோர்ன் அடித்தேனே, காது செவிடா என்று சிங்களத்தில் ஏசினான்.

ட்ரம்மர் என் பக்கம் திரும்பினான். "ஏன்டா தட்டல?"

"அவ்வளவு சத்தமா அடிச்சானே வாத்தியாரே" என்றார் பக்கத்து சீட்டு அக்கா.

அத்தனை வருஷம் மேடையில் அவனுடைய சிம்பல் தட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். எனக்கு அந்த ஹோர்ன் கேட்கவே இல்லை.

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போனைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன் மச்சான்" என்றேன்.

அவன் நம்பிவிட்டான். கியரைப் போட்டான். அடுத்த வளைவு வந்தது. நான் கம்பியின் மேல் விரலை வைத்துக்கொண்டேன்.