மூளைப் படம் கேட்டவர்கள்

தையல்காரியின் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். அது குடும்பங்களில் எப்படித் தொடர்கிறது என்று ஆராய்பவர்களுக்கு அவள் ரத்தம் கொடுத்தாள், ஸ்கேன் குழாய்க்குள்ளும் படுத்தாள். ஆயிரம் பேரின் மரபணுவையும் மூளையையும் ஒப்பிட்டால்தான் ஏதாவது புரியும், தனி ஆளுக்குப் பலன் சொல்ல முடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

ஸ்கேன் விஷயம் காதில் விழுந்ததும், தன் மகனுக்கு அவளைப் பெண் கேட்டிருந்த அம்மாள் கடைக்கே வந்துவிட்டாள். "அந்த மூளைப் படத்த ஒருதரம் காட்டிடும்மா. எங்களுக்கும் நிம்மதி." மகன் வாசலில் செருப்பைப் பார்த்தபடி நின்றான்.

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பையனையும் அந்தக் குழாய்க்குள்ள அனுப்புங்க அத்தை. ரெண்டு படத்தையும் சேர்த்தே பாக்கலாம்."

"அவனுக்கு என்னடி குறை?"

"பத்தொம்பது வயசு வரைக்கும் எங்கண்ணனுக்கும் ஒரு குறையும் இல்ல."

மாப்பிள்ளைச் சட்டைக்கென்று வெட்டி வைத்திருந்த துணியைத் தையல்காரி சுருட்டி அம்மாளின் கையில் வைத்தாள்.

"இத வேற எங்கயாவது தைச்சுக்குங்க."